பசை விசாரம்

என் தமக்கை மகன் சென்னையிலிருந்து போன வாரம் ஒரு சிறு கடிதம் எழுதியிருந்தான். வில்வித்தைப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்து ஓராண்டு ஆகிறதாம். அங்கே மூத்தவர் ஒருவர் தாம் உபயோகித்துக் கழித்த அலுமினிய அம்புகள் ஒரு டஜன் கொடுத்தாராம். அவற்றில் பாதிக்கு இறகே இல்லையாம், மீதிப் பாதியில் இருப்பவையும் ஊசலாடிக்கொண்டிருக்கின்றனவாம். “மாமா, அலுமினியத்தின்மேல் இறகு ஒட்டுவதற்கு எந்தப் பசை வாங்கட்டும்? பெயரை மட்டும் எழுதினால் போதும்” என்று முடித்திருந்தான்.

பெயரை மட்டும் எழுதிவிடலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். ஆனால், மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் பத்தியத்தைச் சொல்லாமல் அனுப்புகிற வைத்தியனை நம் ஊரில் யாரும் வைத்தியன் என்று மதிப்பதில்லை. அதிலும் இந்த விஷயத்தில் மருந்து பாதி, பத்தியம் பாதி என்றுகூடச் சொல்ல முடியாது, பத்தியமே முக்கால்வாசி என்பதை நான் நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவன். ஆகவே அவனுக்கு எழுத வேண்டியதைச் சற்று விஸ்தாரமாகவே இங்கே எழுதுகிறேன். அம்பும் வில்லும் கையில் எடுத்தறியாத வாசகர்களுக்கும் இதில் ஏதேனும் ருசி இருக்கக்கூடும். ஒன்றோடொன்று ஒட்ட விரும்பாத இரண்டு வஸ்துக்களைச் சேர்த்து வைக்கும் சங்கடம் வாழ்க்கையில் யாருக்குத்தான் வந்ததில்லை?

நான் மிச்சிகனில் குடியேறி 22 ஆண்டுகள் ஆகின்றன. நவம்பரில் தலைகாட்டும் பனி ஏப்ரல் வரையில் விடைபெற மனமின்றித் தங்கிவிடுகிற இந்தச் சீமையில், குளிர்காலத்து மாலைப் பொழுதுகளை எப்படிக் கழிப்பதென்று தெரியாமல் தவித்த காலத்தில், அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை ஓர் உள்ளரங்குக்கு அழைத்துப்போய்க் கையில் வில்லைக் கொடுத்தார். கார்த் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். அந்த அரங்கில் இலக்கு 18 மீட்டர் தூரத்தில் இருக்கும். காற்று இல்லை, மழை இல்லை. அம்பு இலக்கைச் சேர்வதற்கு ஒரு விநாடியில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். அவ்வளவுதான் விளையாட்டு.

உள்ளரங்கில் பருத்த அலுமினிய அம்புக்கு ஒரு தனி மரியாதை உண்டு. வட்டத்தின் கோட்டை அம்பு தொட்டுவிட்டாலே உள்வட்டத்தின் மதிப்பெண் கிடைக்கும் என்பது விதி. ஆதலால் அம்பு பருமனாக இருந்தால், மயிரிழையில் தவறியவனுக்கும் சில சமயம் அதிருஷ்டம் கைகொடுக்கும். உலக வில்வித்தைச் சம்மேளனம் தண்டின் விட்டத்துக்கு 9.3 மில்லிமீட்டர் என்று உச்சவரம்பு விதித்திருப்பதற்கும் இந்த ஆசையே காரணம் என்று நினைக்கிறேன். அலுமினியத் தண்டின்மீது நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பார்கள். 2315 என்று இருந்தால், முதல் இரண்டும் விட்டத்தைக் குறிக்கும், அதாவது ஓர் அங்குலத்தை அறுபத்துநான்கு பாகமாக்கினால் அதில் 23 பாகம். பின் இரண்டும் குழாய்ச் சுவரின் கனம், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. மில்லிமீட்டரில் விட்டம் ஏறக்குறைய 9.1 ஆகிறது. விதிக்கு உட்பட்டு எவ்வளவு பருமனாக இருக்கலாமோ அவ்வளவுக்கு நெருங்கி நிற்கும் தண்டு அது.

இத்தனை பருத்த தண்டு பின்புறம் ஆடாமல் நேராகப் போக வேண்டுமானால், அதைப் பின்னிருந்து பிடித்து நிறுத்த ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் இறகு. பிளாஸ்டிக் தகடுகளும் உண்டு. மழையில் நனைந்தாலும் அவை கவலைப்படுவதில்லை. ஆனால் இறகு அவற்றைவிட மிகவும் லேசானது; காற்றை அதிகமாகப் பற்றிக்கொள்வது; எல்லாவற்றையும்விட மேலாக, வில்லின் உடம்பில் உராய்ந்தால் முரட்டுத்தனமாக அம்பை உதறாமல், தானே படுத்து வழிவிட்டு, அடுத்த கணம் எழுந்து நின்றுகொள்ளும் விநயம் உடையது. இந்த நாட்டில் பெரும்பாலும் வான்கோழியின் சிறகிறகைத்தான் உபயோகிக்கிறார்கள். வலச் சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், இடச் சிறகின் இறகு மறுபக்கம் வளையும். ஓர் அம்பில் இரண்டையும் கலந்து ஒட்டினால், இரண்டு பக்கமும் இழுபடும் மாட்டு வண்டிபோல அம்பு தடுமாறும். மருமானே, பசை வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்.

என் முதல் நஷ்டத்தைச் சொல்கிறேன். அம்பெய்யத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், யாரையும் கேட்பது கௌரவக் குறைவென்று எண்ணி, பலசரக்குக் கடையில் காசு செலுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த உடனடிப் பசைக் குப்பி ஒன்றை வாங்கிவந்தேன். அங்கே நீங்கள் ஃபெவிக்விக் என்று பொதுப்படையாகச் சொல்வீர்களே, அந்த ஜாதி. தண்ணீர்போல நீர்த்த பசை. இறகின் அடித்தண்டில் ஒரு கோடு இழுத்து அலுமினியத்தில் வைத்து அழுத்தினேன். பத்து விநாடியில் பிடித்துக்கொண்டது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று உலகத்து அம்புக்காரர்களையெல்லாம் மனத்துக்குள் பரிகசித்தேன். நான்காவது இறகை வைக்கும்போது, பசை அடித்தண்டோடு நில்லாமல், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இறகின் தூவிகளுக்குள் ஏறி, கால் அங்குல உயரத்துக்கு அதைக் கருவேலங்குச்சிபோல விறைக்கச் செய்துவிட்டிருப்பதைக் கண்டேன். பதறிப்போய், வழிந்ததைத் துடைக்கப் பழைய பருத்தித் துணி ஒன்றை எடுத்து ஒற்றினேன். துணி சுரீரென்று சுட்டது. மெல்லிய புகையும் எழுந்தது. அந்தப் பசை பருத்தியோடும் கம்பளியோடும் சேர்ந்தால் கடுகதியில் இறுகி, அந்த வேகத்தில் உஷ்ணத்தைக் கக்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அதைக் கையாளும்போது பருத்திக் கையுறையோ கம்பளிக் கையுறையோ கூடாது என்பதை விரல் நுனியின் சாட்சியத்தோடு சொல்கிறேன்.

விரலாவது இரண்டு நாளில் ஆறியது. அடுத்த வாரம் அரங்கில் எல்லார் முன்னிலையிலும் நடந்ததுதான் ஆறவில்லை. மூன்றாவது அம்பை விட்டேன். அம்பு இலக்குக்குப் போயிற்று. இறகு மட்டும் சுழன்று சுழன்று என் காலடிக்கு அருகில் வந்து விழுந்தது. ஒட்டிய பசை கண்ணாடித் தகடுபோல அதன் அடியில் முழுசாக இருந்தது. அலுமினியத்தில் பசையின் சுவடே இல்லை.

பெரியவர் அந்த இறகை எடுத்து மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். என்ன பசை என்று கேட்பார், பெயரைச் சொல்லி அதன்மீது பழியைப் போட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு: “தண்டை எதைக்கொண்டு கழுவினீர்கள்?”

கழுவவில்லை. புதிய தண்டு, பளபளவென்று இருக்கிறது, அதை ஏன் கழுவ வேண்டும்? அவர் சிரிக்கவில்லை. “பளபளப்பு வேறு, சுத்தம் வேறு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் முறைக்கு வில்லை எடுத்துக்கொண்டார். அந்த நான்கு சொற்களின் பொருளை நான் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தேன்.

அலுமினியத்தின் ஸ்வபாவத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றுப் பட்ட அந்த நொடியிலேயே அது பிராணவாயுவோடு கூடி, கண்ணுக்குப் புலனாகாத ஒரு மெல்லிய கவசத்தைத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. இரும்பைப்போல் துருப்பிடித்து உதிராமல் இருப்பதற்கு அந்தக் கவசமே காரணம். அம்புத் தண்டுகளுக்கு மின்சார முறையில் அந்தக் கவசத்தை மேலும் தடிக்கச்செய்து வர்ணமும் ஏற்றுவார்கள். இந்தக் கவசம் பசைக்கு விரோதியல்ல, உண்மையில் நல்ல சிநேகிதன். விரோதி அதன்மேல் படிந்திருக்கும் எண்ணெய். ஆலையில் படிந்த எண்ணெய், கடைக்காரர் கை எண்ணெய், நம் கை எண்ணெய் என்று அடுக்கடுக்காக இருக்கிற அந்தப் படலத்தின்மேல் பசையைத் தடவினால், பசை எண்ணெயைத்தான் பற்றிக்கொள்கிறது, உலோகத்தை அன்று. என் இறகோடு பசை முழுசாகக் கழன்று வந்ததன் ரகசியம் அதுதான்.

மரத் தண்டாக இருந்தால் இவ்வளவு கெடுபிடி இல்லை. மரம் குடிக்கும்; பசை அதன் நார்களுக்குள் வேர்விட்டு நின்றுகொள்ளும். நம் தச்சர்கள் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையை மரத்துக்கு மரம் வைத்து ஒட்டினால் தலைமுறை தலைமுறையாக நிற்பது அதனால்தான். அலுமினியமோ ஒரு சொட்டும் குடிக்காத விரதக்காரன். வச்சிரத்தையோ, பள்ளிக்கூடத்து ஃபெவிகாலையோ அதன்மேல் தடவினால், அவற்றிலுள்ள நீர் போக வழி தெரியாமல் தவிக்கும்; காய்ந்தபின்பும் ஈரம் பட்டால் இளகும். ஆகையால் வீட்டில் இருக்கும் வெள்ளைப் பசையை எடுத்து முயன்று பார்க்கலாமா என்று கேட்காதே.

இனி இறகு. அது நேர் எதிரிடையான பிரகிருதி. நம் நகமும் தலைமயிரும் எந்த வஸ்துவால் ஆனவையோ அதே வஸ்துவால் ஆனது. அம்புக்காக அதன் நடுத்தண்டைப் பிளந்து, அடிப்பாகத்தைத் தட்டையாகத் தேய்த்திருப்பார்கள். தேய்த்த அந்த முகம் நுண்துளைகள் நிறைந்தது, கொடுத்ததையெல்லாம் குடிக்கும். ஆகவே நாம் தேடுகிற பசை, குடிக்காதவனைப் பற்றிக்கொள்ளவும் வேண்டும், குடிகாரனிடம் அளவோடு பழகவும் வேண்டும். நீர்த்த பசை இறகுக்குள் ஓடிவிடுகிறது. மிகக் கெட்டியான பசையோ இறகுக்கு வெளியே கட்டிகட்டியாக நின்று அம்பின் வாலில் பாரமேற்றுகிறது.

மனிதன் இந்தப் பிரச்சினையை இன்று நேற்றுச் சந்திக்கவில்லை. 1991ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுத்த, 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதனின் அம்பறாத்தூணியில், வேலை முடிந்த அம்புகள் இரண்டு இருந்தன. இறகுகளை பூர்ஜ மரத்துப் பட்டையைச் சுட்டு எடுத்த தாரால் ஒட்டி, அதன்மேல் மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றியிருந்தான். 1545ல் மூழ்கி 1982ல் கடலிலிருந்து மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 3,500க்கும் மேற்பட்ட அம்புகள் கிடைத்தன. இறகுகள் மட்கிப் போய்விட்டன. ஆனால் தாமிரம் கலந்த பசையின் தடயமும், நூல் சுற்றிய வடுவும் தண்டுகளில் எஞ்சியிருந்தன. அந்தக் கப்பல் மூழ்கிய அதே ஆண்டில்தான் ரோஜர் ஆஸ்காம் என்ற பண்டிதர் ஆங்கிலத்தில் வில்வித்தையைப் பற்றிய முதல் நூலை வெளியிட்டு, அதில் வாத்தின் இறகை வாயாரப் புகழ்ந்திருக்கிறார். இந்த முன்னோர்கள் எல்லாரிடமும் ஒரு பொது அம்சத்தைக் காண்கிறேன். அவர்கள் யாரும் பசையை மட்டும் நம்பவில்லை. நூலையும் சேர்த்துக் கட்டினார்கள்.

நூலின் துணையைக் கைவிட்டு நாம் பசையை மட்டும் நம்பத் தொடங்கியதற்கும் அலுமினிய அம்புக்கும் ஒரு கதைத் தொடர்பு உண்டு. 1911ல் கலிஃபோர்னியாவில், தன் இனத்தார் எல்லாரும் அழிந்துபோகத் தனியனாக நின்ற இஷி என்ற யாகி இந்தியர் ஒருவர் காட்டிலிருந்து வெளிப்பட்டார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்வித்தையைக் கற்றுக்கொண்டு, பின்னாளில் அதைப் பற்றி நூல் எழுதினார். இஷி தம் அம்பின் இறகுகளை மானின் தசைநாரால் கட்டியவர். போப்பின் நூலை, வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்துக் கால்களில் காயம்பட்டுப் படுத்திருந்த டக் ஈஸ்டன் என்ற இளைஞர் படித்தார். படித்தவர் அம்பு செய்பவரானார். மரம் ஒன்றுக்கொன்று வேறுபடுகிறதே, ஒரே சீரான தண்டு கிடைக்காதா என்ற ஏக்கத்தில் அலுமினியத்தை நாடினார். 1941ல் லாரி ஹியூஸ் என்பவர் ஈஸ்டனின் அலுமினிய அம்புகளைக் கொண்டு அமெரிக்க தேசியப் போட்டியில் வென்றார். யுத்தம் முடிந்தபின் 1946ல் முத்திரையிட்ட முதல் அலுமினியத் தண்டு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் எங்கள் மிச்சிகன் மாநிலத்தில் ரோலின் போனிங் என்பவர் அம்புக்கான பசைகளையே தொழிலாகக் கொண்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். புதிய உலோகத்துக்குப் புதிய பசை வேண்டியிருந்த காலம் அது. மான் நாரில் தொடங்கிய உபதேசம், இரண்டு கை மாறி, நாரே வேண்டாத அம்பில் வந்து முடிந்தது விசித்திரந்தான்.

சரி, கடையில் கிடைக்கும் பசைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உடனடிப் பசை. 1942ல் ஹாரி கூவர் என்ற ரசாயன நிபுணர், துப்பாக்கியின் குறிகாட்டிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும் இந்தத் திரவம் அகப்பட்டது, தொந்தரவென்று ஒதுக்கிவைத்தார்கள். 1951ல் அதன் அருமை மறுபடியும் புலப்பட்டது. 1958ல் கடைக்கு வந்தது. இது காற்று பட்டுக் காய்வதில்லை. பரப்பில் படிந்திருக்கும் ஈரத்தின் ஸ்பரிசத்தால் இறுகுகிறது. ஆகவே ஈரம் மிகுந்த சென்னையில் கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். சூடேற்றிய வீடுகளில் காற்று வறண்டுபோகும் எங்கள் குளிர்காலத்திலோ சிந்தித்துச் சிந்தித்துத்தான் பிடிக்கும். சென்னையில் வேறொரு சங்கடமும் உண்டு. அதிலிருந்து எழும் ஆவி ஈரக்காற்றில் இறுகி, ஒட்டிய இடத்தைச் சுற்றி விபூதி பூசியதுபோல வெள்ளையாகப் படியும். பலத்தைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. நேராக இழுத்தால் அசையாது. ஆனால் விறைப்பானது, அம்பு இலக்கில் மோதும் அதிர்ச்சியைத் தாங்கிக் கொடுக்கும் நெகிழ்ச்சி அதற்கு இல்லை. நீர்த்த வகையை இறகின் பக்கமே கொண்டுபோகாதே. கெட்டியான கூழ் வகை ஒருவாறு உதவும்; போட்டி நடக்கும் இடத்தில் ஓர் இறகு கழன்றுவிட்டால் ஆபத்துக்கு அதைப்போல் தோழன் வேறில்லை.

இரண்டாவது, இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் எபாக்ஸி, நம் ஊரில் அரால்டைட் என்று அறியப்படுவது. உலோகத்தை அது பற்றுவதுபோல் பற்றுவது அரிது. எனினும் இறகின் மெல்லிய அடித்தண்டுக்கு அது யானைக்குப் போடும் சங்கிலி. பசை இறுகும்வரை இறகைத் தண்டோடு பிடித்து நிறுத்தும் கவ்வியின் இடுக்கில் வழிந்து கவ்வியையும் சேர்த்து ஒட்டிவிடும். கலவையின் அளவு சற்றுத் தவறினாலும் இறுகாமல் பிசுபிசுக்கும். பிறகு எடுக்க வேண்டுமென்றால் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்துவிடும்.

மூன்றாவது, இரு பக்கமும் பசையுள்ள மெல்லிய நாடா. இறகுக்கு இது உண்மையிலேயே பொருந்தும். வழியாது, காத்திருக்கவும் வேண்டாம். அவசரக்காரர்களுக்கு ஏற்றது. ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் அம்புக் கூட்டை வைத்துவிட்டு வந்தால் நாடா இளகும். இறகு இடம் பெயர்ந்து சிரிக்கும். சித்திரை வைகாசியில் அங்கே கார் அடுப்பாகிவிடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னும் பின்னும் ஒரு பொட்டுத் திரவப் பசை வைத்தே நாடாவை உபயோகிக்க வேண்டும்.

சூட்டில் உருகும் குச்சிப் பசையும் அம்புக்காரர்களிடம் உண்டு. அது அம்பின் முனையைக் குழாய்க்குள் பொருத்துவதற்கே ஒழிய இறகுக்கு அல்ல. பெயர் ஒற்றுமையைக் கண்டு ஏமாறாதே.

கடைசியாக, என் கட்சி எதுவோ அது. கரைப்பானில் கரைத்த பசை. டூக்கோ சிமென்ட் என்று இங்கே குடும்பஸ்தர்கள் மேஜை அறையில் வைத்திருக்கும் பழைய சரக்கும், ஃபிளெட்ச்-டைட் என்று அம்புக்காகவே விற்பதும் இந்த வகுப்பைச் சேர்ந்தவை. டூக்கோவின் சாரம் நைட்ரோசெல்லுலோஸ்: பருத்தியை அமிலத்தில் இட்டுப் பக்குவம் செய்து அசிட்டோன் முதலிய கரைப்பான்களில் கரைத்தது. முதல் நாள் நான் குழாயைத் திறந்தபோது மாடிப்படியிலிருந்து என் மனைவி, “யார் நகத்துக்கு வர்ணம் பூசுகிறார்கள்?” என்று கேட்டாள். அவள் மூக்கு பொய் சொல்லவில்லை. நகப்பூச்சின் சாரமும் அதுவேதான். பழைய காலத்துச் சினிமாச் சுருளும் அதுதான். அவை தீப்பிடித்து எரிந்த கதைகள் நமக்குத் தெரியும். ஆகவே ஜன்னலைத் திற. பக்கத்தில் விளக்கேற்றி வைக்காதே.

கரைப்பான் ஆவியாகிப் போகப் போகத்தான் இந்தப் பசை இறுகும். மரத் தண்டில் ஆவி இரு புறமும் வழி கண்டு வெளியேறும். அலுமினியத்தில் ஒரு புறம் மதில். இறகின் நுண்துளைகள் வழியாகவே அது வெளியேற வேண்டும். இதனால் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். ஓர் இறகை வைத்தால் பதினைந்து இருபது நிமிஷம் கவ்வியை எடுக்கக் கூடாது. ஒரு நாள் முழுவதும் கழியாமல் அந்த அம்பை எய்யக் கூடாது. ஓர் அம்புக்கு மூன்று இறகு, ஒரு டஜனுக்கு 36. ஒரே கவ்வியை வைத்துக்கொண்டு இறகுக்கு 20 நிமிஷம் என்று கணக்கிட்டால் 12 மணி நேரம். உடனடிப் பசையின்மேல் உலகத்துக்கு ஏன் இவ்வளவு மோகம் என்பது இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. பாகவதத்தில் அவதூதர் தம் இருபத்துநான்கு குருமார்களில் ஒருவராக அம்பு செய்யும் தொழிலாளி ஒருவனைக் குறிப்பிடுகிறார். அரசன் பரிவாரத்தோடு பக்கத்தில் போனதைக்கூட அவன் அறியவில்லையாம், அவ்வளவு ஏகாக்கிரசித்தம். அவன் இறகு ஒட்டிக்கொண்டிருந்திருப்பானோ என்று, 27ஆவது இறகை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த ஓர் இரவில் எனக்குத் தோன்றியது.

இவ்வளவு சிரமம் கொடுக்கும் பசையை ஏன் சிபாரிசு செய்கிறேன் என்றால், அது போகச் சொன்னால் போகும். இதுதான் நான் இத்தனை ஆண்டுகளில் கண்டுகொண்டது. அலுமினியத் தண்டு வளையாதவரையில் வருஷக்கணக்கில் உழைக்கும். இறகுக்கோ சில மாத காலந்தான் ஆயுள். இன்னோர் அம்பு உரசிக் கிழிக்கும், ஈரத்தில் தளரும், அந்துப்பூச்சி தின்னும். ஆகவே ஒரு தண்டின் வாழ்நாளில் பத்து முறையாவது இறகு மாற்ற வேண்டிவரும். ஒரு முறை ஒட்டினால் யுகம் முடியும் வரை எடுக்கவே முடியாத பசை என்று பெருமை பேசும் விளம்பரத்தைக் கண்டால், இந்த மனிதருக்கு இறகு மாற்றிப் பழக்கமில்லை என்று நினைத்துக்கொள்வேன். கரைப்பான் பசையை அதே கரைப்பானால் அழிக்கலாம். அசிட்டோனில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றிவைத்து மழுங்கிய விளிம்பால் தள்ளினால் உரிந்து வந்துவிடும். அலுமினியத்துக்கு அசிட்டோன் தீங்கு செய்யாது. ஆனால் தண்டின்மேல் நீ வர்ணக்கோடு தீட்டியிருந்தால் அதைக் கரைக்கும், நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் கொக்கியையும் கெடுக்கும். அந்த இரண்டிலும் படாமல் பார்த்துக்கொள். கூரிய கத்தியால் சுரண்டாதே. தண்டில் விழும் கீறல் பின்னாளில் முறிவுக்கு விதை.

இப்போது பத்தியம். பழைய பசை எல்லாவற்றையும் எடுத்தபின், பாத்திரம் துலக்கும் மாவுபோன்ற தூளை ஈரத் துணியில் தொட்டு, இறகு வரும் இடத்தை மெதுவாகத் தேய். கவசத்தைக் கீறும் அளவுக்கு வேண்டாம், எண்ணெயை எடுக்கும் அளவுக்குப் போதும். பிறகு ஓடும் தண்ணீரில் அலசிவிட்டு, தண்டைத் தூக்கிப் பிடித்துப் பார். தாமரையிலைத் தண்ணீர்போல முத்து முத்தாகத் திரண்டு உருண்டால், எண்ணெய் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்; மறுபடியும் தேய். தண்ணீர் எங்கும் அறுபடாமல் ஒரே மெல்லிய படலமாகப் பரவி நின்றால் தண்டு தயார். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு குவளைத் தண்ணீர். அதன்பின் தானாக உலரவிடு; அந்த இடத்தை விரலால் தொடாதே. தொட்டால், எத்தனை பக்தியோடு தொட்டாலும், மறுபடியும் ஸ்நானந்தான். இறகின் அடித்தண்டையும் அசிட்டோனில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவிடு.

பசையை மெல்லிய ஒரே கோடாக இழு. அதிகம் வைத்தால் அதிகப் பலம் என்பது பிரமை, அதிகப் பசை அதிகத் தாமதம்தான். கவ்வியில் வைத்து அடித்தண்டு முழு நீளத்துக்கும் உலோகத்தில் படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். மூன்று இறகும் ஒட்டி முடிந்தபின், ஒவ்வோர் இறகின் முன் நுனியிலும் பின் நுனியிலும் ஒரு பொட்டு வை. இதைச் சில்லறை விஷயம் என்று விட்டுவிடாதே. இறகு எப்போதும் முன் நுனியிலிருந்துதான் கிளம்பும். கிளம்பிய நுனி ஊசிபோல் நிற்கும். வில்லிலிருந்து அம்பு புறப்படும்போது கையை ஒட்டிப் போகும் அந்த நுனி சதையைக் கிழித்த சம்பவங்களைக் கேட்டிருக்கிறேன். வேண்டுமானால் முன்னோர்களின் சொல்லைக் கேட்டு அங்கே நாலு சுற்று நூலும் சுற்றலாம்.

சென்னைக்கு மட்டும் ஒரு விசேஷக் குறிப்பு. மழைக்காலத்தில் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பசைமேல் படிந்து அதை வெளுக்கச்செய்யும்; அப்படி வெளுத்த பசையை நம்பக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாமல், தை மாசி பார்த்து வைத்துக்கொள். அவசரமானால் உலர்ந்த நடுப்பகலில் செய்.

சென்ற ஜனவரியில் பெரியவர் தம் அம்புகளை என்னிடம் கொடுத்து இறகு மாற்றித் தரச் சொன்னார். அவர் கை இப்போது நடுங்குகிறது. என்ன பசை போடட்டும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தண்டைத் தண்ணீரில் காட்டித் தூக்கிப் பிடித்தேன். அவர் கண்ணாடியை உயர்த்தி, தண்ணீர் எங்கே அறுபடுகிறது என்று நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஆகட்டும்” என்றார்.

ஆகவே, மருமானே, நீ கேட்ட பெயர் இதுதான்: வில்வித்தைச் சாமான் விற்கும் கடையில், இறகு ஒட்டுவதற்கென்று உள்ள கரைப்பான் பசை ஒரு குழாய் வாங்கு. ஆனால் அதை வாங்கப் போகும் வழியில், பாத்திரம் துலக்கும் தூள் ஒரு பொட்டலம் வாங்கிக்கொள். வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.